இனிகோவுக்குக் கொடுக்காத தோள்

தூத்துக்குடி,
1946 அக்டோபர் 14.

சர்வேசுரன் துணை.

அன்பு மகள் கிளாடிசுக்கு அப்பா எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அங்கே கொழும்பில் உன்னையும் மாப்பிள்ளையையும் அந்த மாதாவே பார்த்துக்கொள்ளட்டும். மகளே, இது யார் எழுத்து என்று யோசிக்காதே, என்னுடையதுதான். பள்ளிக்கூடத்து அமலோற்பவம் டீச்சரிடம் ஆறு மாதமாகச் சாயங்காலந்தோறும் போய்ப் படித்தேன். அம்மா, "அறுபத்தேழு வயசுல அரிவரிக்குப் போறீராக்கும், சிலேட்ட நான் தூக்கிட்டு வரட்டா" என்று சிரித்தாள். இப்போது ஒரு கடைப் பலகை விடாமல் நின்று வாசிக்கிறேன் என்று என்னோடு தெருவில் நடக்கவே மாட்டேன் என்கிறாள். இந்தப் பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது, ஆனாலும் பேனாவைக் கீழே வைக்க மனமில்லை.

ஏன் படித்தேன் என்று சொல்கிறேன். பங்குனியில் உன் பிள்ளை பவுல் காய்ச்சலில் போய்விட்டான் என்று தந்தி வந்ததும், கடிதம் எழுதித் தரச் சொல்லி நம் கோயில் உபதேசியாரிடம் போனேன். என் பேரனை நான் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை என்று எழுதும் என்றுதான் சொன்னேன், அதற்கு மேல் வாய் வரவில்லை. நீ பதிலுக்கு, அப்பா நீங்களுமா இதை ஆண்டவர் சித்தம் என்கிறீர்கள், அப்படிப்பட்ட ஆண்டவர் எனக்கு வேண்டாம், கோயிலுக்கும் போகவில்லை, இனி எனக்கு எழுதவும் வேண்டாம் என்று எழுதியிருந்ததை டீச்சர்தான் வாசித்துச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, ஆண்டவர் சித்தம் என்று நான் சொல்லவே இல்லையே. உபதேசியாரைக் கேட்டால், "சாவுக் கடுதாசின்னா அப்படித்தானவே எழுதணும், முப்பது வருசமா எல்லாருக்கும் அதத்தான் எழுதுதேன்" என்கிறார். நல்ல மனுஷர், அவர்மேல் கோபப்படாதே. நம் துக்கத்தை இன்னொருவர் கையில் கொடுத்தது என் தப்பு. அன்றைக்கே டீச்சரிடம் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடு என்று கேட்டேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் உன் அண்ணன் இனிகோ போன தோணி புயலில் சிக்கித் திரும்பாமல் போன பிறகு, ஐந்து மாதம் நானும் கோயில் வாசலை மிதிக்கவில்லை. உடம்பு கிடைக்கவில்லை, பெட்டி செய்யவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. பூசைக்கு மணி அடித்தால் கடற்கரைப் பக்கம் போய்விடுவேன். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிலுவையிலிருந்து இறக்கிய சேசுவின் சுரூபத்தைத் தூம்பாப் பெட்டியில் கிடத்தி, நம் ஆட்கள் சவத்துக்குத் தோள் கொடுப்பதுபோல் தூக்கித் தெருவில் வந்தார்கள். நான் வீட்டுக்குள் போகத் திரும்பினேன். முன்னால் தூக்கி வந்த கிளாட்வினுக்குக் காலில் ஏதோ குத்திவிட்டது. நொண்டிக்கொண்டே, "ஏ தொம்மை அண்ணாச்சி, பாத்துக்கிட்டு நிக்கீரே, தோளக் குடும், சேசுவக் கீழ போட்டுருவேன்" என்று சத்தம் போட்டான். யோசிக்க நேரமில்லை, போய்த் தோள் கொடுத்தேன். மரச் சுரூபம்தான், ஆனால் என்ன பாரம். பத்தடி போனதும் என் பிள்ளையைத்தான் தூக்கிப் போகிறேன் என்று ஆகிவிட்டது. வராத கண்ணீரெல்லாம் வந்தது, கோயில் வரைக்கும் அழுதேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை, தூம்பா தூக்குகிறவன் அழலாம் அல்லவா. பின்னால் வியாகுல மாதா சுரூபம் வந்துகொண்டிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி என் பின்னாலேயே வருகிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இனிகோ ஏன் போனான் என்று அவள் சொல்லவில்லை, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து சோறு கேட்டுச் சாப்பிட்டேன், அம்மாவோடு இனிகோவைப் பற்றிப் பேசினேன்.

அதனால் மகளே, பவுல் போனதற்கு நான் காரணம் சொல்லமாட்டேன், கோயிலுக்குப் போ என்று நெருக்கவும் மாட்டேன். நவம்பர் இரண்டாந்தேதி ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது. இனிகோவுக்குக் கல்லறை இல்லாததால் வருடா வருடம் நானும் அம்மாவும் அலைக்குப் பக்கத்தில் மணலில் குழி பறித்து, காற்றுக்கு அணையாமல் அதற்குள் மெழுகுதிரி கொளுத்துகிறோம். இந்த வருடம் பக்கத்தில் சின்னதாக இன்னொரு குழி பறிப்பேன். உன் பிள்ளைக்கு அங்கே கல்லறை இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு நீயும் போய் ஒரு திரி கொளுத்து. செபம் சொல்ல வாய் வராவிட்டால் சும்மா உட்கார்ந்திரு. கோபம் வந்தால் மாதாவைத் திட்டு, பெற்றவள் திட்டுவதைப் பெற்றவள் பொறுத்துக்கொள்வாள். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்.

நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள் அம்மா, தோணிக்காரர்களிடம் கொடுத்தனுப்புகிறோம். மழைக்காலம், கொசுவலைக்குள் படு. சேசு, மரி, சூசை மூன்று பேர் கையும் உன் தலைமேல் இருக்கட்டும், என் கையும் அதோடு இருக்கட்டும். மறக்காமல் பதில் எழுது, பெரிய எழுத்தாக எழுது, நானே வாசிப்பேன். ஒரு வரி போதும், என்னைத் திட்டி எழுதினாலும் போதும், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
தொம்மை கொரேரா