முதலையம்மாவின் தொண்டை

பிப்ரவரி 6, வியாழன்

மூக்கு வழியாகக் கேமராவை விட்டு என் தொண்டையைப் பார்த்தார் டாக்டர். நானும் திரையில் பார்த்தேன். செக்கச்செவேலென்று வீங்கிக் கிடந்தது.

“எத்தனை வருஷமா குரல் இப்படி இருக்கு?”

“இதுதான் டாக்டர் என் குரல். இதை வச்சுத்தான் பொழைக்கிறேன்.”

உண்மைதானே? குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் தொடரில் நான்கு வருடமாக முதலையம்மாவுக்கு டப்பிங் பேசுகிறேன். அந்தக் கரகரப்பு கடவுள் கொடுத்த வரம் என்று டைரக்டர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். இப்போதுதான் தெரிகிறது, கொடுத்தது கடவுள் இல்லை, வயிற்று அமிலம். படுத்ததும் மேலே ஏறி வந்து தொண்டையைப் புண்ணாக்குகிறதாம்.

“ஒரேயடியா தீர்ற சமாச்சாரம் இல்ல. ஆனா கட்டுக்குள்ள வச்சிருக்கலாம்” என்றார். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. எண்ணெயில் பொரித்தது, காரம், சாக்லேட் எல்லாம் குறைக்க வேண்டும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்கை. எல்லாவற்றுக்கும் சமர்த்தாகத் தலையாட்டினேன். காபி என்றதும் தலை நின்றுவிட்டது.

பிப்ரவரி 7

காபி இல்லாத முதல் நாள். யாரிடமும் பேசவில்லை. பேசியிருந்தால் கொலை விழுந்திருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். தரையில் ஒரு நூல் சரிவு இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டைகளை அடியில் செருகினார். செருகி முடித்து, பழக்க தோஷத்தில், சரிவு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக் கட்டில் மேல் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது.

“என் சர்வீஸ்ல முதல் தடவையா வேணும்னே கோணலா ஒரு வேலை செஞ்சிருக்கேன். வெளிய சொல்லிடாதே” என்றார்.

அவர் தூக்கத்தில் கால்மாட்டுக்குச் சறுக்கிப் போய்விடுகிறார். காலையில் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 20

இருட்டுவதற்குள் ராத்திரிச் சாப்பாடு. “ஆஸ்பத்திரியில இருக்கிற மாதிரி இருக்கும்மா” என்கிறாள் மகள். அப்பாவும் மகளும் கொஞ்ச நேரம் கழித்து, காற்று வாங்கப் போகிறோம் என்று பால்கனிக்குப் போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். காற்று இப்படியா கறுக் மொறுக்கென்று இருக்கும்? துரோகிகள்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் மகளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: “யாரும்மா வந்திருக்காங்க?”

யாரும் வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

நானே திகைத்துப் போனேன். கரகரப்பு இல்லை, செருமல் இல்லை. இவ்வளவு நாள் இது எங்கே ஒளிந்திருந்தது? “வேற யாரோட பொண்டாட்டியோ வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கு” என்று இவர் சிரிக்க, தலையணையால் ஒன்று வைத்தேன். பாத்திரம் விளக்கும்போது பாடினேன். துணி மடிக்கும்போது பாடினேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும் வரை பாடினேன். சந்தோஷமாக இருக்கிறது, அப்பட்டமான சந்தோஷம்.

மார்ச் 18

சந்தோஷத்துக்கு ஆயுசு அவ்வளவுதான்.

மைக் முன்னால் நின்று முதலையம்மாவின் முதல் வசனத்தைப் பேசினேன். ஹெட்போனில் டைரக்டர் குரல்: “மேடம், முதலை எங்க? முயல்குட்டில்ல பேசுது!” தாழ்த்திப் பேசிப் பார்த்தேன். அழுத்திப் பேசிப் பார்த்தேன். முயல்குட்டி கோபித்துக்கொண்ட மாதிரிதான் வந்தது.

வெளியே வந்ததும் தனியாகக் கூப்பிட்டார். “அந்தப் பழைய கரகரப்பை எப்படியாவது வரவழைச்சுடுங்க மேடம். அடுத்த மாசம் புது சீசன். வரலேன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்.”

மார்ச் 19

மாத்திரை போடவில்லை. இன்றைக்கு மட்டும்.

மார்ச் 22, சனி

இன்றைக்கும் மட்டும். காபி இரண்டு டம்ளர், மகளின் வறுவல் பாக்கெட் முழுசாக. சாப்பிட்ட கையோடு படுத்தேன். அதுவும் எப்படி? தலையைக் கால்மாட்டுப் பக்கம் வைத்து, சரிவில் தலைகீழாக.

“என்ன இது, திசை மாறிப் படுத்திருக்கே?”

“இந்தப் பக்கம் காத்து நல்லா வருதுங்க.”

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டார்.

மார்ச் 26

முதலை வந்தாள். மூன்று வசனம் அமர்க்களமாகப் பேசினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் கை தட்டினார். நான்காவது வசனத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடித்து வாயைத் திறந்தால் வெறும் காற்று. முதலையும் இல்லை, முயலும் இல்லை, நானும் இல்லை.

நேராக டாக்டரிடம் ஓடினேன். குரல் நாணில் சின்னதாகத் தடிப்பு வந்திருக்கிறதாம். “இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போச்சுன்னா உங்களுக்கு எந்தக் குரலும் மிஞ்சாது. முதலை வேணுமா, தொண்டை வேணுமா?” என்றார். ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது.

வீட்டில் இவர் திட்டவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்று மட்டும் கேட்டார். அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

என்ன புத்தி இது எனக்கு? காசுக்காகவா? இல்ல. பயம்டி, பயம். கடையில வாயத் தொறந்தாப் போதும், பிள்ளைங்க திரும்பிப் பாக்கும், “ஐ, முதலையம்மா!”ன்னு ஓடி வரும். அது போயிட்டா நான் யாரு?

ஏப்ரல் 9

டைரக்டருக்குப் போன் செய்தேன். மாத்திரையை நிறுத்த மாட்டேன், முதலை என்னால் முடியாது என்று சொன்னேன். நல்ல தெளிவான குரலில் சொன்னேன், அதுதான் கொடுமை. “சரி மேடம்” என்று பெருமூச்சு விட்டார்.

அடுப்படியில் நின்று அழுது தீர்த்தேன். அப்புறம் வேளையோடு சாப்பிட்டேன்.

மே 2, வெள்ளி

அதே தொடரில் வாத்து டீச்சர் என்று ஒரு துக்கடா வேடம். போனேன். புது முதலையைப் பார்த்தேன். சின்னப் பெண். என்ன குரல்! என்னுடையதை விட ஒரு படி கூடுதல் கரகரப்பு. வயிறு எரிந்தது. மாத்திரைக்குக் கட்டுப்படாத எரிச்சல் இது.

ஆனால் வசனத்துக்கு வசனம் செருமிக்கொண்டே இருந்தாள். இடைவேளையில் கையில் பெரிய கப் நிறையக் காபி.

கேட்கலாமா வேண்டாமா? கேட்டால் டைரக்டர் வாயில் விழ வேண்டும். கேட்காவிட்டால் எல்லாம் சுமுகம். போன ஆளுக்கு எதற்கு வம்பு?

வாய் சும்மா இருந்தால்தானே! “ஏம்மா, காலையில எழுந்தா வாய் புளிக்குதா? படுத்தா இருமல் வருதா?”

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

எல்லாவற்றையும் சொன்னேன். தலைகீழாகப் படுத்த கூத்து உட்பட. டாக்டர் நம்பரையும் கொடுத்தேன். “சரியாச்சுன்னா முதலை உங்கிட்டயும் நிக்க மாட்டா. தெரிஞ்சு முடிவு பண்ணு” என்றேன். காபி கப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 28, சனி

தெரியாத நம்பரிலிருந்து போன். “அக்கா, நான்தான் பேசுறேன், யாருன்னு சொல்லுங்க பாப்போம்.” மணி அடித்த மாதிரி ஒரு குரல்.

“தெரியலையேம்மா. யாரு?”

அந்தப் பக்கம் கலகலவென்று சிரிப்பு. சிரித்து முடிக்கும் வரை ஒரு இருமல், ஒரு செருமல் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, புது முதலை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“திங்கக்கிழமை ரெக்கார்டிங் இருக்குக்கா. டைரக்டர் சாருக்கு இன்னும் தெரியாது. எப்படிச் சொல்றதுன்னு பயமா இருக்கு.”

“நீ பேசாம இரு” என்றேன். நாளைக்கு நானே அவரைக் கூப்பிட்டுச் சொல்கிறேன்.