வெண்கலத் தலைக்கவசத்துக்குள் என் தலை

12.11.1992, வியாழன். இல்ஃபோர்ட்.

இன்று மகளின் பள்ளிக்கூடத்தில் கிரேக்கச் சிப்பாயின் வெண்கலத் தலைக்கவசத்துக்குள் என் தலை மாட்டிக்கொண்டது. வெண்கலமென்றால் பழைய பேப்பரும் பசையும் பெயின்ரும்தான். மகளின் நாடகத்துக்காக நானே ஒட்டியது. ஆசிரியைக்கு முன்னால் பெருமையாகப் போட்டுக் காட்டினேன், பிறகு கழலவில்லை.

"அப்பா, கழட்டுங்கோ! எல்லாரும் பாக்கினம்," என்றாள் மகள்.

அந்த நேரம் பார்த்து ஆசிரியை, சிப்பாய் வேடம் பையன்களுக்குத்தான், மகள் அழுகிற தாயாக நிற்கட்டும் என்றார். காதையும் மூடுகிற கவசம். அந்தச் சிப்பாய்களுக்குக் கட்டளை எப்படித்தான் கேட்டதோ! எனக்கு இது நன்றாகவே கேட்டது.

"என்ர பிள்ளை அழமாட்டாள், மிஸ். ஈட்டியோடதான் நிப்பாள்," என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீசில்.

"பெண்பிள்ளை போருக்குப் போனதை எங்கே பார்த்தீர்கள்?" என்று சிரித்தார்.

"இதைக் கழட்டினாத்தானே பெடியனுக்குக் குடுப்பீங்கள்? கழட்டமாட்டன்!"

கழட்ட ஏலாது என்பது வேறு கதை. ஆசிரியை சிரித்துச் சிரித்தே சம்மதித்தார். மகள்தான் சிப்பாய். வீட்டில் மனைவி கத்தரிக்கோலால் என்னை மீட்டாள். நாளைக்குத் திரும்ப ஒட்ட வேண்டும்.

எங்கே பார்த்தேன் என்று மட்டும் ஆசிரியையிடம் சொல்லவில்லை. ஊரில் என் கடைசித் தங்கச்சி பதினேழு வயதில் துவக்குத் தூக்க இயக்கத்துக்குப் போனாள். தலையில் கவசம் இல்லை, இரட்டைப் பின்னல்தான்.