தண்ணீர் பழுப்பான வாரம்

மார்ச் 4, செவ்வாய்

தொட்டித் தண்ணீரை நேற்றுதான் மாற்றினேன். இன்று குளோரின் போட்ட ஒரு மணி நேரத்தில் பழுப்பு! கலங்கல் இல்லை, அடிவரை தெரிகிறது. நிறம் மட்டும் கடுந்தேநீர்.

வீட்டு ஸ்பா என்று பெயர்தான் பெரிது. பின்புறக் கூரைக்கு அடியில் ஒரு தொட்டி, பம்பு, ஹீட்டர், அவ்வளவுதான். விபத்தில் என் கணவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆன பிறகு வாங்கினோம். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை மடக்கி நீட்ட வேண்டும். இன்று எட்டிப் பார்த்தவர், "வேணாம்மா" என்று ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 5

தொட்டி விற்ற கடைக்காரர் போனில்: "பாசிதாங்க. இன்னும் ரெண்டு மடங்கு குளோரின் கொட்டுங்க."

பாசி என்றால் கையில் வழுக்காதா? பதினாறு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள் நான். சோதிக்காமல் மருந்து ஊற்றுகிற கை இல்லை இது. "பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 6

இன்றும் இறங்கவில்லை. முட்டி விறைத்துக் கிடக்கிறது. ஏன் என்று விடாமல் கேட்டேன். சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "என் புண்ணுலேர்ந்துதான் ஏதோ இறங்குது. நான் வருத்தப்படுவேன்னு நீ சொல்லாம இருக்க."

அட மனுஷா! தையல் ஆறி ஒரு மாசம் ஆச்சே. மூணு நாளா இதையா மனசுல போட்டு அரைச்சுக்கிட்டிருந்தீங்க? எனக்கு ஏன் முதல் நாளே தோணல?

மார்ச் 7

வாயால் சொன்னால் நம்பமாட்டார். நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் கண் முன்னாலேயே இரண்டு வாளி. ஒன்றில் நகராட்சித் தண்ணீர். இன்னொன்றில் போர்வெல் தண்ணீர் — திங்களன்று குழாயில் வரவில்லை என்று அவசரத்தில் நான் தொட்டிக்கு விட்டது அதைத்தான். இரண்டிலும் ஒரே அளவு குளோரின். அரை மணி நேரத்தில் போர்வெல் வாளி மட்டும் பழுப்பானது.

"திங்கக்கிழமை நான் தொட்டிக்கு விட்டது இந்தத் தண்ணிதான். இதுல இரும்புங்க. குளோரின் பட்டதும் துருவா வெளிய வருது. இந்த வாளியில உங்க கால் பட்டுச்சா?"

குனிந்து அந்த வாளித் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்போ தப்பு உன்மேலயா?"

"முழுசா என்மேலதான்."

இவ்வளவு சந்தோஷமாக எந்தத் தப்பையும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

மார்ச் 8

வடித்தேன், தேய்த்தேன், வடிகட்டியை அலசினேன், நகராட்சித் தண்ணீரை நிரப்பினேன். குளோரின் போட்டு மாலைவரை பார்த்தேன். நிறம் மாறவே இல்லை. மாறாது என்று எனக்கு முன்பே தெரியும்.

மார்ச் 9

"போதும், சாப்பிட வாங்க" என்றேன்.

தொட்டிக்குள்ளிருந்து கத்தினார்: "நீ சாப்பிடு. இன்னும் பத்து தடவை மடக்கிட்டு நானே ஏறி வர்றேன்."