எண்பத்தெட்டாம் மாதிரி

மார்ச் 4, செவ்வாய்

புது எச்.ஐ.வி. சோதனைக் கிட்டைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நூறு ரத்த மாதிரிகள்: நோய் உண்டு என்று உறுதியானவை முப்பது, இல்லை என்று உறுதியானவை எழுபது. எத்தனையைச் சரியாகச் சொல்கிறது, எதில் கோட்டை விடுகிறது என்று பார்க்க வேண்டும். ‘இல்லை’ மாதிரிகளில் மூன்று குறைந்தன. எங்கள் லேப் வழக்கப்படி நாங்களே கையை நீட்டினோம். அதை யாரும் முன்கூட்டிச் சோதிப்பதுகூட இல்லை. நம் ரத்தம்தானே!

மார்ச் 6, வியாழன்

எண்பத்தெட்டாம் சோதனை அட்டையில் இரண்டாவது கோடு, ‘நோய் உண்டு’ என்கிற கோடு. மங்கல்கூட இல்லை, பளிச்சென்று. எந்த எண் யாருடைய ரத்தம் என்ற பட்டியலை எழுதியவள் நான். எண்பத்தெட்டு நான்தான்.

என்னோடு அட்டை பார்க்கிறவள், நாங்கள் ஒல்லிக்குச்சி என்று கூப்பிடுகிறவள், சிரித்தாள். “கிட்டுக்கு உங்க மேல என்னக்கா கோவம்?” நானும் சிரித்தேன். ‘கிட்டின் தவறு: ஒன்று’ என்று எழுதிவிட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டினேன்.

மார்ச் 7, வெள்ளி

வேறு பெட்டியிலிருந்து அட்டை எடுத்துப் போட்டேன். கோடு.

மார்ச் 10, திங்கள்

பத்து வருஷமாக நம்பும் பழைய கிட்டிலும் கோடு.

ஐயோ, அந்த ஊசி! போன ஜூலையில், ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்தியது. மூடி போடாதே என்று புதிதாக வருகிறவர்களிடம் வாய் கிழியக் கத்துகிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். வெட்கம், யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் லேபின் பெரிய டாக்டர் அன்றே தடுப்பு மாத்திரை கொடுத்திருப்பார். மறுநாள் ரகசியமாக என் ரத்தத்தைச் சோதித்தேன். கோடு இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள்! கிருமி புகுந்தபின் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தெரிய வாரக்கணக்கில் ஆகும், மூன்று மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்று தினமும் எத்தனை பேருக்குச் சொல்கிறேன்? எனக்கு ஏன் தோணல? தோணுச்சுடி. பயமா இருந்துச்சு. அதான் பாக்கல.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

மூன்று வெவ்வேறு கிட்டுகளும் ஒன்றையே சொன்னால் முடிந்தது. மூன்றாவதும் சொல்லிவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “எட்டு மாசமாடி?” என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார். அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. தொடப் பயந்தேன். தொட்டால் ஒட்டாது என்று ஊருக்கே சொல்கிற நான்!

மார்ச் 14, வெள்ளி

லேபுக்கே வந்தார். ஒல்லிக்குச்சி எடுப்பாள் என்றேன். சட்டைக் கையை மடித்து, “நீதான் எடுக்கணும்” என்றார்.

கோடு இல்லை. ஒல்லிக்குச்சி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “மாமாவுக்கு இல்லக்கா, இல்லவே இல்ல!” எனக்கு அழுகை வரவில்லை. ஒரே ஒரு நாள் சோதனை சொல்லும் ‘இல்லை’யை இனி நம்ப மாட்டேன். அவருக்கு மறுபடி சோதிக்க, காலண்டரில் ஜூன் பதினாறை வட்டமிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

பெரிய டாக்டரிடம் எல்லாம் சொல்லி, மாத்திரை ஆரம்பித்து நாலு நாள். குமட்டல். இன்று அறிக்கை கொடுக்கும் நாள்.

பெரிய டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, “எண்பத்தெட்ட எடுத்துடும்மா. தொண்ணூத்தொம்போதுன்னு போட்டுக்கலாம். யார் கேக்கப்போறா?” என்றார். நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

எடுக்கவில்லை. ‘நோய் உண்டு’ முப்பத்தொன்று. ‘இல்லை’ அறுபத்தொன்பது. கிட்டின் தவறு எதுவும் இல்லை.

கீழே கையெழுத்துப் போட்டேன்.