பதினாறு தோள்

11.4.2004, ஞாயிறு

காலையிலேயே கரண்ட் போய்விட்டது. எதிர்வீட்டு டி.வி. வாயை மூடிக்கொண்டது. அந்த ஒரு நன்மைக்காகவே இந்தக் கவர்மெண்டுக்கு ஓட்டுப் போடலாம்.

புத்தூர் பஸ் இன்றும் நம் தெரு முனையில் நிற்கவில்லை. பெரிய தெருவில் இரண்டு பேர் ஏற நிற்கும். இங்கே பதினைந்து பேர் கை நீட்டினால், பார்க்காத மாதிரி போகும். நடந்துபோய் ஏறிக் கண்டக்டரிடம் கேட்டேன். "அக்கட ஸ்டேஜ் லேது தாத்தா" என்றான் தெலுங்கில். அங்கே ஸ்டாப்பிங் கிடையாதாம். நான் முப்பத்தொரு வருஷம் ரயில்வே கேங்கில் தண்டவாளம் தூக்கினவன். அதில் கடைசி ஒன்பது வருஷம் மேஸ்திரி. என் சிவப்புக்கொடியைப் பார்த்து பம்பாய் மெயிலே நின்றிருக்கிறது. இவன் நிற்க மாட்டானாம்.

என் பெண்டாட்டி கமலம்மா கேட்கிறாள்: "இன்னாயா எழுதிக்கினே கீற? யாரு படிக்கப் போறா?"

நான் படிப்பேன். நாற்பது வயதில் வடை கட்டி வந்த பேப்பரை வைத்து எழுத்துக் கற்றவன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் யாரிடமும் கேட்டுக்கொண்டு எழுத வேண்டியதும் இல்லை.

16.4.2004, வெள்ளி

மைக் கட்டின ஜீப்புகள். ஒருவன் இலவச கரண்ட் என்கிறான். வராத கரண்ட் இலவசமாக வந்தால் என்ன, காசுக்கு வந்தால் என்ன? இன்னொருவன் கம்ப்யூட்டர் என்கிறான். எங்கள் தெருவுக்குச் சாக்கடை எப்போது என்று கேட்டேன். "ஹைதராபாத் எப்படி ஆயிருக்குது பாருங்க பெரியவரே" என்றான். இங்கிருந்து தெரியவில்லை என்றேன்.

25.4.2004, ஞாயிறு

நேற்று மகன் எத்திராஜ் எங்களைத் திருமலைக்குக் கூட்டிப்போனான். அவன் ரேணிகுண்டாவில் ஆட்டோ ஓட்டுகிறான், ஆனால் மலைக்குப் பஸ்ஸில்தான். ஆறு மணி நேரம் கியூ. பெருமாள் முன்னால் இரண்டு விநாடி, ஜருகு ஜருகு என்று தள்ளிவிட்டார்கள். எனக்கு அதில் குறையில்லை. எனக்கு முன்னால் நின்ற தங்கச்சங்கிலிக்காரனுக்கும் அதே இரண்டு விநாடிதான். (பெரிய மனிதர்களுக்குத் தனி வழி இருக்கிறது. அதைப் பற்றி வேறொரு நாள், இரத்தக்கொதிப்பு குறைவாக இருக்கும்போது.)

என் வழக்கு எங்கள் ஊர் ஆத்தா கங்கம்மாவோடு. அவளோடுகூட இல்லை, அவளைத் தூக்குகிறவர்களோடு. ஜாத்திரை வாரத்தில் பிறந்ததால் எனக்குக் கங்கையா என்று பெயர் வைத்தார்கள். அறுபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன். ஜாத்திரை அன்று சப்பரம் பெரிய தெருவைச் சுற்றி, மதகு வரைக்கும் வந்து, சரிவில் இறங்கிக் கோயிலுக்குத் திரும்பிவிடும். மதகிலிருந்து என் வீடு இருநூறு அடி. வராது. நம் தெருப் பெண்கள்தான் தட்டை எடுத்துக்கொண்டு மதகில் போய் நிற்க வேண்டும். என் நைனா பெரிய தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். அது போயிற்று. இது போகவில்லை.

1990இல் சொன்னேன்: ஏழு மலை ஏறுகிற நம் காலுக்கு இருநூறு அடி பெரிதில்லை. ஆனால் இங்கே வராதவளைத் தேடி என் வீட்டிலிருந்து யாரும் போகக் கூடாது. பதினாலு வருஷமாகப் போகவில்லை. கமலம்மாவும்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜாத்திரைக்கு மறுநாள் காலை இட்லியும் தேங்காய்ச் சட்னியும் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு ஜெபக்காரர் வந்தார். எங்கள் சாமி உங்கள் வீட்டுக்கே வருவார் என்றார். நல்ல மனிதர். வீட்டுச் சண்டையை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகிற பழக்கம் எனக்கில்லை என்று மோர் கொடுத்து அனுப்பினேன்.

2.5.2004, ஞாயிறு

புருஷோத்தமன் மதகு வரைக்கும் வந்து ஆள் விட்டுக் கூப்பிட்டான். கோயில் தர்மகர்த்தா, பங்காருபாளையம் மண்டிக்கு லாரி லாரியாக மாங்காய் அனுப்புகிறவன். (நேரில் 'வாங்க போங்க' என்றுதான் பேசுவேன். நோட்டில் நான்தான் மேஸ்திரி.) அவன் மதகில் நின்றான், நான் தெரு முனையில் நின்றேன். நடுவில் பத்தடி.

சப்பரத்துக்குப் பதினாறு தோள் வேண்டும். தமுக்கடித்து ஜாத்திரை சாட்டின நாளிலிருந்து எட்டு நாள் ஊர் எல்லையைத் தாண்டாதவன்தான் தண்டில் தோள் வைக்கலாம். பெரிய தெருப் பையன்கள் பெங்களூர், ஹைதராபாத், இவன் மகன் அமெரிக்கா. கம்பெனி இரண்டு நாள்தான் லீவு கொடுக்கிறதாம். எண்ணிப் பார்த்தால் எட்டுத் தோள்தான் தேறுகிறது, அதில் ஒன்று இவனுடையது.

"இன்னா கங்கையா, காலம் மாறிப்போச்சு. உங்க பசங்க எட்டு பேர் தோள் குடுக்கட்டும்."

"குடுக்கட்டும். சப்பரம் எங்க தெருவுக்கு வருமா?"

"அதெப்புடி? பெரியவங்க வெச்ச வழின்னு ஒண்ணு கீதில்ல?"

"தோளும் பெரியவங்க வெச்சதுதான். அது மாறலாம், வழி மாறக் கூடாதா?"

"நீ ரொம்பப் பேசுற. டிராக்டர்ல வெச்சு இழுத்துக்கினு போயிடுவேன்."

"இழுங்க. ஆத்தா மாங்கா லோடு மாதிரி ஜம்முனு போவா."

போய்விட்டான். எனக்கு மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

5.5.2004, புதன்

எத்திராஜும் இன்னும் ஏழு பையன்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். என்னைக் கேட்காமல்.

"நைனா, அந்தத் தண்ட தொடவே வுடாதவங்க இப்ப வா வான்னு கூப்புடுறாங்க. இதுவே பெரிசு."

"தோள் வேணும், தெரு வேணாமா? இன்னாடா நியாயம்?"

"நீ மொத்தமா கேக்குற. நான் தோள வெச்சு உள்ள பூர்றேன்."

"எட்டு நாள் ஆட்டோ?"

"ஓட்டல."

பூர்றானாம். எலியா இவன்? என் மகன்தானே? — பேசி என்ன.

7.5.2004, வெள்ளி

எத்திராஜோடு பேசவில்லை. அவனும் பேசவில்லை. கமலம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள்.

11.5.2004, செவ்வாய்

ஓட்டு எண்ணினார்கள். கம்ப்யூட்டர் தோற்றது. கவர்மெண்ட் மாறிவிட்டது; பஸ் நிற்கவில்லை.

சாயங்காலம் தமுக்கடித்துச் சாட்டினார்கள். எத்திராஜ் ஆட்டோவைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். சரி, இருக்கட்டும்.

15.5.2004, சனி

வெறும் சப்பரத்தைத் தூக்கி ஒத்திகை பார்த்தார்கள். நான் தெரு முனையிலிருந்து பார்த்தேன். பெரிய தெரு எட்டுப் பேரும் முன்னால், நம் பையன்கள் பின்னால். மரியாதைப்படி நிற்கிறார்கள்! தண்டுக்கு மரியாதை தெரியுமா? அதற்கு உயரம் ஒன்றுதான் தெரியும். முன்னால் முழுக்கக் குட்டை, தொந்தி. பின்னால் முழுக்க நெட்டை. சமதரையில் தெரியாது. மதகுச் சரிவில் இறங்கும்போது சப்பரம் மூக்குக் குத்தும், பாரம் முழுக்க முன்னால் பாயும். இறக்கத்தில் நெட்டை முன்னால், குட்டை பின்னால் — கேங்கில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும்.

எத்திராஜிடம் சொன்னேன். பத்து நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"நீயே வந்து சொல்லேன், நைனா."

"கூப்பிடட்டும், சொல்றேன்."

யாரும் கூப்பிடவில்லை.

17.5.2004, திங்கள்

நானே போய்ச் சொல்லியிருக்கலாமோ? மாட்டேன். பத்தடி அவன் வரட்டும்.

19.5.2004, புதன்

நேற்றே எழுதியிருப்பேன். தொண்டை போய்விட்டது, வந்ததும் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் ஐந்தரைக்குச் சப்பரம் மதகுக்கு வந்தது. நான் தெரு முனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். சாமி பார்க்க இல்லை. என் மகன் தோள் அதில் இருந்தது.

சரிவில் நாலு அடி இறங்கியிருக்கும். மூக்குக் குத்திவிட்டது. முன்வரிசையில் புருஷோத்தமன். அவன் முழங்கால் மடிவதைப் பார்த்தேன். தண்டவாளம் காலில் விழுந்த ஆட்களை நான் இரண்டு தடவை தூக்கியிருக்கிறேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு மூச்சு நேரம், அதே சத்தம்தான்.

"கீழ வெச்சிடுங்கடா!" என்றான் ஒருவன்.

"வெக்காத! நடுவழியில ஆத்தா மண்ணுல உக்காந்தா ஊருக்கே ஆவாது!" என்றான் இன்னொருவன்.

நான் வாயைத் திறக்கவில்லை, அது தானாகத் திறந்துகொண்டது. "நில்லு! எவனும் அசையாத! பின்னால கீறவன் எல்லாம் முழங்கால மடி! மடிடா எத்திராஜு!"

அந்த மேஸ்திரிக் குரல் போய்விட்டது என்றுதான் இருந்தேன். போகவில்லை. பதினாறு பேரும் நின்றார்கள். மேளம்கூட நின்றது.

ஓடிப்போய் மதகுச் சுவரில் ஏறினேன். இந்த வயதில் — ஏறினேன். "சாட்டினதுலேர்ந்து எல்லை தாண்டாதவன் எவன் கீறான், நெட்டையன் மட்டும் வா!" நம் தெருவிலிருந்து அஞ்சு பேர் வந்தார்கள். ஒவ்வொருவனாக உள்ளே விட்டேன். புதுத் தோள் பூந்த பிறகுதான் பழைய தோள் வெளியே. நீ போ, நீ வா. புருஷோத்தமனைப் பின்வரிசைக்கு அனுப்பினேன். எத்திராஜை முன்னால் இழுத்தேன். எவன் எந்தத் தெரு என்று பார்க்க நேரமில்லை. தோள் மட்டும்தான் தெரிந்தது. சப்பரம் நேராயிற்று.

"இப்ப?" என்றான் புருஷோத்தமன், மூச்சிரைக்க.

"இப்பவே சரிவுல எறங்கக் கூடாது. சமதரையில கொஞ்சம் நடந்து, கால் சேர்ந்தப்புறம் திரும்பலாம். சமதரை அந்தப் பக்கம் கீது." கையை நீட்டினேன். நம் தெரு. போன வருஷம் போட்ட சிமெண்ட் ரோடு, தட்டு மாதிரி.

பின்னாலிருந்து எவனோ "அதெப்புடி..." என்று ஆரம்பித்தான். தோளில் பாரம் இருக்கிறவன் இரண்டாவது வார்த்தை பேசுவதில்லை. நான் "ஐலசா!" என்றேன். பதினாறு பேரும் "ஐலசா!" என்றார்கள். "இடது!" என்றேன். திரும்பியது.

சரிவு ஆபத்து என்பது உண்மை. அதை எழுதி வைக்கிறேன். ஆபத்து இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம்தான் திருப்பியிருப்பேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

வாசலில் கமலம்மா. கையில் தட்டு — தேங்காய், கற்பூரம், வேப்பிலை, மஞ்சள், எல்லாம். அஞ்சு நிமிஷத்தில் எங்கிருந்து வந்தது?

அப்புறம் கேட்டேன். "எல்லா வருசமும் எடுத்து வெச்சிக்கினுதான் கீறேன். நீ எங்க பாத்த? உன் கண்ணு மதகு மேலயே இருந்திச்சி."

பதினாலு வருஷம். பதினாலு தேங்காய். நானும் மறுநாள் காலையில் சட்னி நன்றாக இருக்கிறது என்று கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன்.

அவள் கற்பூரம் காட்டினாள். மலையில் இரண்டு விநாடி. இங்கே நான் "நட" என்று சொல்கிற வரைக்கும். நான் சொல்லவில்லை. கற்பூரம் அணைந்தது, இன்னொன்று ஏற்றினாள். அவள் உதடு என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தது. சொல்லட்டும் என்று நின்றேன். கடைசியில் எத்திராஜ்தான், "நைனா... தோளு..." என்று முனகினான்.

இன்று காலை தேங்காய்ச் சட்னி. தெரிந்து தின்றேன்.

23.5.2004, ஞாயிறு

பெரிய தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் கோயிலுக்குத் தீட்டுக் கழிக்க வேண்டும் என்கிறார்களாம். கழிக்கட்டும். அடுத்த வருஷம் அவர்களே தூக்கட்டும். இரண்டு வீடு, நாலு தோள்.

எத்திராஜ் தோளில் தோல் உரிந்திருக்கிறது. கமலம்மா நல்லெண்ணெய் தடவினாள். "நீ பூந்ததாலதான் நான் கத்த வேண்டி வந்தது" என்றேன். "நீ கத்தினதாலதான் நான் பொழச்சேன்" என்றான். நான் சொன்னது திட்டு. அவன் என்னவென்று எடுத்துக்கொண்டானோ.

30.5.2004, ஞாயிறு

அடுத்த வருஷத்துக்கு இப்போதே ஆள் வரிசை எழுதுகிறேன். வெளிச்சுவரில் சுண்ணாம்பால் அடி, அங்குலம் கோடு போட்டேன். வருகிறவன் சுவரோடு முதுகை ஒட்டி நிற்க வேண்டும். தோள் எங்கே வருகிறதோ அதுதான் அவன் இடம். காலையிலிருந்து பதினோரு பேர். எத்திராஜ் நாலடி ஒன்பது, முன்வரிசை.

பத்து மணிக்கு எதிர்வீட்டு டி.வி. இரைச்சலை ஏசிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல். புருஷோத்தமன். ஆள் விடவில்லை, மதகில் நிற்கவில்லை.

"எங்க நிக்கணும் சொல்லு, கங்கையா."

"அங்கதான். செருப்போட அளந்தா கணக்கு தப்பும். கழட்டுங்க."

என்னைப் பார்த்தான். கழற்றி ஓரமாக வைத்தான். என் சுவரில் முதுகை ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நாலடி நாலங்குலம். பின்வரிசை.