பத்தாண்டு என்று போட்டிருக்கிறார்கள்

பெப். 3, செவ்வாய்

காலையில் மூடுபனி. எதிரே சீமெந்துத் தொழிற்சாலைப் புகைபோக்கி வெயில் ஏறும்வரை தெரியவில்லை. தெரியாததில் நட்டமில்லை.

பல்கனி துப்புரவு. அடுத்த மாதம் அவருடைய விசா முடிகிறது. வயது போன விளையாட்டு ஸ்டோர்காரரைப் பல்கலைக்கழகம் இனி வைத்திருக்காதாம். துபாய்க்கு வடக்கே இந்த ராஸ் அல் கைமாவோடு கணக்கு முடிந்தது. இனி யாழ்ப்பாணம், நல்லூரில் தங்கச்சி வீட்டு மேல்மாடி.

கார்கோவில் போவன: தையல் மெஷின், கிரைண்டர், சுவாமி படங்கள், இரும்புத் தாச்சி.
போகாதன: சோபா, ஏசி, கையுறைப் பெட்டி.

பெட்டிக்குள் பேஸ்பால் கையுறைகள். அந்தச் சொல்லை முழுதாக எழுதவே மனமில்லை. இனி பே.பா. என்றே எழுதுவேன். விளையாட்டுப் பகுதியில் அதற்கென்று ஓர் அலுமாரிகூட இல்லாத காலத்தில் அவர் அவற்றை இங்கே கொண்டுவந்தார். பிறகு அங்கே பெரிய அறை கட்டினார்கள். புதியவை அறைக்குப் போயின, பழையவை என் தலையில். முட்டைகூட ஏறாத வீட்டில் மாட்டுத் தோல். பல்கனிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒருநாளும் விட்டதில்லை. தொட்டால் மஞ்சள் தண்ணீரில் கை கழுவல். இன்றும் கழுவினேன்.

பின்னேரம் அவர் சொன்னார், "வியாழக்கிழமை ஒரு லெக்சரர் வீட்டை வாறா. யூனிவர்சிட்டி பே.பா. வரலாறு எழுதுறாவாம். பத்தாண்டு மலர்."

"வரலாறோ? என்னட்டைக் கேட்கச் சொல்லுங்கோ. என்ரை முதுகு நோவிலயிருந்து தொடங்கலாம்."

சிரித்தார். எனக்குச் சொன்னது விளங்கப் பிந்தியது. பத்தாண்டா? பன்னிரண்டல்லவா?

பெப். 5, வியாழன்

காற்று. கல்லுடைக்கும் மலைப்பக்கத்துத் தூசி. ஜன்னல் விளிம்பை இரண்டு தரம் துடைத்தேன்.

லெக்சரர் நித்யா வந்தா. சென்னை. ஊடகத்துறை. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். செருப்போடு சுவாமி அறை வாசல்வரை வந்துவிட்டா. உளுந்து வடை வைத்தேன்.

"ஐயோ, நான் டயட்ல இருக்கேன் ஆன்ட்டி. ஒண்ணே ஒண்ணு."

நாலு சாப்பிட்டா. சட்னி இன்னும் கேட்டா.

நான் குசினியில் நின்றாலும் காது ஹோலில். போனை மேசையில் வைத்துப் பதிவு செய்தபடி கேட்டா, "சார், நம்ம பே.பா. புரோகிராம் எப்படி ஆரம்பிச்சுது?"

இவர் தொண்டையைச் செருமினார். "கோச் பீட்டர் வந்த பிறகுதான் எல்லாம். அதுக்கு முதல் ஒண்டுமில்லை."

கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

ஒன்றுமில்லையாம். பீட்டர் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியபோது இங்கே மைதானம் இருந்தது. பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் கல் பொறுக்கித் துப்புரவாக்கியவர் இவர். சீமெந்துச் சாக்கில் மண் நிரப்பி நாலு மூலைக்கும் வைத்தவர் இவர். சாக்கின் வாயைத் தைத்தவள் நான். ஒரு கொரியப் பெடியன் இரண்டு மட்டையோடு படிக்க வந்து, ஆள் சேராமல் ஸ்டோர் வாசலில் அழுதுகொண்டு நின்றான். "இது எங்கட எல்லே மாதிரித்தானே" என்று இவர் இறங்கினார். எங்கள் பள்ளிக்கூடத்து எல்லே. மென்பந்தை அடித்துவிட்டு வட்டம் ஓடும் விளையாட்டு. அதில் இவர் மாவட்டம்வரை போனவர். அப்படித் தொடங்கியது.

துபாய் ஜப்பான்காரக் குழுவோடு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஆட்டம். அதனாலேயே துபாய்க் கோயில் எனக்குத் தவறிய வெள்ளிகள் எத்தனை. சரளைக் கல்லில் விழுந்து பந்துத் தையல் பிரியும். சிவப்பு நூலை மெழுகில் உருவி நான் தைப்பேன். வெள்ளியில் ஊசி தொடமாட்டேன் என்று சொல்லி வைத்திருந்ததால் வியாழன் பின்னேரமே கூடை வந்துவிடும். அதுவும் தோல்தான். வீட்டு வாசலுக்கு வெளியே கதிரை போட்டுத் தைத்தேன். மேல்மாடிப் பாகிஸ்தான்காரி செருப்புத் தைக்கிற வீடு என்று நினைத்து ஒருநாள் தன் புருஷனின் சப்பாத்தைக் கொண்டுவந்தாள்.

இதெல்லாம் ஒன்றுமில்லை.

நித்யா போகும்போது, "அங்கிள் ரொம்ப ஸ்வீட். நீங்க இந்த கேமெல்லாம் பார்ப்பீங்களா ஆன்ட்டி?"

"இல்லை பிள்ளை. நான் வடை சுடுறனான்."

நக்கல் விளங்கவில்லை. நல்லது.

பெப். 6, வெள்ளி

இடியப்பம். விளக்கு வைத்துப் பதிகம் படித்தேன், மனம் நிற்கவில்லை.

"இஞ்சாருங்கோ. ஏன் அந்தப் பிள்ளைக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"ஆர் பொய் சொன்னது?"

"ரெண்டு வருசத்தை எங்கை ஒளிச்சனீங்கள்? பீட்டர் உங்களுக்கு மச்சானோ?"

"விடும்."

"விடுறதுக்கு அது பட்டமோ?"

"போற இடத்தில ஆருக்கு உந்த வரலாறு வேணும்? விடும் எண்டுறன்."

'விடும்' என்று அவர் இரண்டாம் தரம் சொன்னால் மூன்றாம் தரம் சொல்லமாட்டார், எழும்பிப் போய்விடுவார். போய்விட்டார். இத்தனை வருடம் இந்த மனிதரின் பொறுமையோடு சீவித்ததற்கு எனக்குத்தான் மலர் வெளியிட வேண்டும்.

பெப். 7, சனி

வெயில். இரண்டு மெஷின் உடுப்பு.

மலருக்கான கட்டுரையை நித்யா அவருடைய போனுக்கு அனுப்பியிருந்தா. அவர் குளிக்கப் போன நேரம் வாசித்தேன். இடம்பெயர்வில் பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். இங்கே வந்து, பழைய பேப்பரையும் அகராதியையும் வைத்து இங்கிலீஷ் படித்தேன். மெதுவாகத்தான் வரும், ஆனால் தப்பாக வராது.

பீட்டரின் பெயர் பந்திக்குப் பந்தி. வெறும் மணல்வெளியில் கனவு கண்டாராம். (வெறும் மணலாம். கல் பொறுக்கிய கைகளுக்கு நான் தேங்காயெண்ணெய் பூசியது கனவிலா?) ஒன்பது துணிச்சலான மாணவர்களாம். வலை, மின்விளக்கு, மகளிர் அணி, கொரோனாக் காலத்தில் மூடியது, வார விடுமுறை மாறி ஆட்டம் சனிக்கு வந்தது, எல்லாம் இருக்கிறது. மைதானத்தில் திரிந்த பூனைகூட இருக்கிறது, படத்தோடு.

இவர்? "ஸ்டோர் உதவியாளர்களின் ஆதரவுடன்."

பெயர் இல்லை. பூனைக்குப் பெயர் இருக்கிறது. ஸ்லைடராம்.

பெப். 8, ஞாயிறு

அவர் கார்கோக் கடைக்குப் போனதும், நேற்றே அவர் போனில் பார்த்துக் குறித்த எண்ணில் நித்யாவுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டு எடுத்தேன். பிள்ளையாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நித்யா, உம்முடைய வரலாறு ரெண்டு வருசம் குறையுது."

எல்லாவற்றையும் சொன்னேன். கொரியப் பெடியன், சாக்கு, எல்லே, சிவப்பு நூல்.

"ஆன்ட்டி, செம ஸ்டோரி! இதுதான் ஒரிஜின். அங்கிள் ஏன் சொல்லவே இல்ல?"

"அவருக்கு வாய் இல்லை. நான் அதுக்குச் சேர்த்துக் கதைக்கிறனான்."

"அந்த முதல் டீம்ல யாராவது இப்ப இங்க இருக்காங்களா? ஒருத்தர் பேசினா போதும், டைரக்டர்கிட்ட சொல்லி மலரையே மாத்திடலாம். பன்னிரண்டு வருஷம்னு போட்டுடலாம்."

"ஒருத்தர் உங்கட யூனிவர்சிட்டியிலயே வேலை செய்யிறார். கேட்டுப்போட்டு நம்பர் தாறன்."

யோகனைத்தான் நினைத்தேன். ஹட்டன் பக்கத்துப் பெடியன். அப்போது செராமிக் தொழிற்சாலைத் தொழிலாளர் கேம்பில் இருந்தான், இப்போது பல்கலைக்கழக பஸ் ஓட்டுகிறான். அந்த நாளில் வெள்ளி மத்தியானம் கேம்ப் பெடியன்கள் மூன்று நாலு பேர் ஆட்டம் முடிந்து இங்கே சாப்பிட வருவார்கள். தூசிக் காலோடு. யோகன் மட்டும் காலைக் கழுவிவிட்டு வருவான். தேயிலைத் தோட்டத்தில் எல்லே அடித்த கை, அவன் அடித்தால் பந்து பஸ் தரிப்பிடம் தாண்டும் என்று இவர் சோற்றைப் பிசையாமல் சொல்லிக்கொண்டிருப்பார்.

யோகனுக்குச் செய்தி அனுப்பினேன்: வந்து போ, பே.பா. மலர் எழுதுற மேடம் உன்னைத் தேடுறா, நல்ல விஷயம்.

நிம்மதியாக மத்தியானம் படுத்தேன். கன நாளைக்குப் பிறகு.

பெப். 10, செவ்வாய்

சாரல் மழை. இந்த ஊரில் இதற்கே பள்ளிக்கூடம் மூடுவார்கள்.

யோகன் டியூட்டிக்கு இடையில் வந்தான். தேத்தண்ணி குடிக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"அக்கா, அந்த மேடத்துக்கிட்ட என் பேர சொல்லிட்டீங்களா?"

"இல்லை. ஏன் முகம் உப்பிடிக் கிடக்கு? உன்ரை பேரும் புத்தகத்தில வரப்போகுது."

"அதாங்க்கா பயமா இருக்கு."

பிறகு சொன்னான். அந்த இரண்டு வருடமும் விளையாட ஐந்து மாணவர்கள்தான் நிலையாக வந்தார்கள். ஒன்பது பேர் இல்லாவிட்டால் லீக்கில் சேர்க்கமாட்டார்கள். பெயர் கொடுத்துவிட்டு வராத மாணவர்களின் அடையாள அட்டைகளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேம்ப் பெடியன்கள் வாசல் காவலைத் தாண்டி உள்ளே போனார்கள். அட்டையைக் கொடுத்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. ஸ்டோரில் அட்டைகளை வாங்கி வைத்து மட்டை கொடுப்பவர் ஒருவர்தான்.

"நான் ரியாஸ்ங்கிற பேர்ல ஆடினேன்க்கா. நல்லா அடிச்சேன்னு கப்பு குடுத்தாங்க. கடைசியில ரியாஸ் வந்து வாங்கிட்டுப் போயிட்டான். அவனுக்கு மட்டைய எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னே தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"அடுத்தவன் கார்டுல உள்ள போனதுக்கா. இந்த ஊர்ல போலீஸ் கேசு. விசாவ கேன்சல் பண்ணி, திரும்பி வரமுடியாம பேன் அடிச்சு அனுப்பிருவாங்க. மக ஏ.எல். பரீட்சை எழுதுது. நம்ம அண்ணனுக்கும்தான்க்கா. போற நேரத்துல ஏர்போர்ட்ல நிப்பாட்டினா?"

மழை பல்கனிக்குள் அடித்தது. கையுறைப் பெட்டி நனையட்டும் என்று விட்டேன்.

"அண்ணன்தான் சொன்னாரு, கோச் வந்ததுல இருந்துதான் கணக்குன்னு எல்லாரும் சொல்லிருவோம், அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லன்னு. அவரே முதல்ல சொல்றேன்னாரு. பேரு போனா போகட்டும்னாரு."

என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பெப். 11, புதன்

நேற்று அவரோடு கதைக்கவில்லை. இன்று காலை, சப்பாத்துப் போடுகையில் கேட்டேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா அண்டைக்கே பந்துக்கூடை குப்பைக்குள்ள போயிருக்கும்."

"போயிருக்கும்தான்."

"அதுதான்."

கள்ள அட்டையில் ஆடிய ஆட்டத்துக்கு நான் பந்து தைத்திருக்கிறேன். வியாழக்கிழமைகளில். குரு நாள்.

மத்தியானம் நித்யாவின் தொலைபேசியை எடுக்காமல் விட்டேன். மறுபடி வந்தது.

"ஆன்ட்டி! டைரக்டர் ஓகே சொல்லிட்டாரு. இன்னிக்குள்ள குடுத்தா மலர்ல போட்டுடலாம். அங்கிள் பேர தனி பாக்ஸ்ல போடறேன், போட்டோவோட. ஃபவுண்டர்னு. அந்த ஆளோட நம்பர் மட்டும் குடுங்க."

தனிப் பெட்டி. படத்தோடு. போன மாதம் ஸ்டுடியோவில் எடுத்த படம் நன்றாக இருக்கிறது, நீலச் சட்டை.

சுவாமி அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"பிள்ளை, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். எனக்கு வருசம் மாறிப்போச்சு."

"மாறிப்போச்சா? அந்தச் சாக்கு, நூல் எல்லாம்..."

"அது கிரிக்கெட். கேம்ப் பெடியள் விளையாடினது. நான் தைச்சது கிரிக்கெட் பந்து."

பிறகு சிரித்தா. "அதான பார்த்தேன். டூ டேஸா டைரக்டர் பின்னாடி அலைஞ்சேன் ஆன்ட்டி. பரவாயில்ல. கிரிக்கெட்டையும் இதையும் குழப்பிக்கறது நார்மல். எங்க அம்மாவும் அப்படித்தான், எல்லாம் ஒரே பந்துதானேம்பாங்க."

"ஓம் பிள்ளை. எல்லாம் ஒரே பந்துதான்."

பலசரக்குக் கடைக்காரனின் கணக்குப் புத்தகத்தில்கூடப் பிழை பிடித்தவள் என்று கட்டிடம் முழுக்கப் பேர் எனக்கு. முட்டாளாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். ரியாஸ் மேல் கோபம். பீட்டர் மேல் கோபம். பிள்ளையார் மேல் பெரிய கோபம், ஞாயிற்றுக்கிழமையே தடுத்திருக்கலாம்.

அவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் இல்லை. அவர் மட்டும்தான் ஒளிக்கலாமோ.

பெப். 14, சனி

பிரதோஷம். நல்ல வெயில். விழா மைதானத்தில். பல்கலைக்கழக பஸ் ஆட்களை ஏற்றிப்போனது, ஓட்டியது யோகன்.

நீலச் சட்டையைத்தான் போட்டார். கடைசிக்கு முந்திய வரிசையில் இருந்தோம். பீட்டர் பேசினார். "ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்கினோம்" என்றார். இவர் கைதட்டினார். நான் மடியில் கையை வைத்திருந்தேன். பிறகு நன்றி சொல்லும் பட்டியல்: விளக்குப் போட்ட கம்பெனி, தண்ணீர்ப் போத்தல் கொடுத்த கம்பெனி, "சமோசாவுக்காக மிஸஸ் சிவநேசன்". எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சுட்டது வடை, பிறந்த நாளிலிருந்து சமோசா சுட்டதில்லை.

"எழும்பி நில்லும்," என்று இவர் முழங்கையால் தட்டினார். எழும்பவில்லை.

திரும்பி வரும்போது நாங்கள் பஸ்ஸில் முன் சீட். பின் சீட்டில் நித்யா, மடியில் மலர்க்கட்டு. ரவுண்ட்டபவுட் தாண்டியதும் யோகன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, மொத மேட்ச்சு ஞாபகம் இருக்கா? ஜப்பான்காரங்க முன்னாடி நீங்க..."

"யோகன், வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டு," என்றேன்.

"என்ன மேட்ச் ஆன்ட்டி?" என்று பின்னாலிருந்து நித்யா.

"கிரிக்கெட்."

இவர் என் பக்கம் திரும்பினார். ஒரு நிமிடம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிக்கத் தொடங்கினார், தோள் குலுங்கக் குலுங்க, வீடு வரும்வரை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்குச் சிவராத்திரி விரதம். உளுந்து ஊறப்போடத் தேவையில்லை.