கை நீட்டினால்

பெஹாலா, கொல்கத்தா,
ஞாயிறு

சிரஞ்சீவி முகுந்துக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நீயும் வைஷாலியும் குழந்தை ஹர்ஷினியும் லீட்ஸ் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் அக்கா சாதனா வீட்டில் அவள், நான், அப்பா மூவரும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதினால் பெருமாளுக்கே சிரிப்பு வரும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சுத்தான் போயிற்றே தவிர, காது பாம்புக்காது. நான் உன்னோடு பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார். கீழ் ஃபிளாட் வெங்கட்ராமன் மாமா லண்டனில் இருக்கும் பெண்ணைப் பார்க்க வருகிறார், சாம்பார்ப் பொடியோடு இதையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சாதனா காலையில் கிடர்பூர் கஸ்டம்ஸ் ஆபீசுக்குப் போனால் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டு இருட்டின பிறகுதான் வருகிறாள், வரும்போதே தலைவலி. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் யானை விலை, குச்சி மாதிரி இருக்கிறது. அப்பாவைப் பிடித்துக்கொண்டால் பாத்ரூம் வரை நடக்கிறார், வலது கை வரவில்லை. பார்த்துக்கொள்ள மாலதி என்று ஒரு ஆயா வருகிறாள், நல்லவள், ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வைஷாலி போனில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "உங்க பிள்ளை டேபிள்ல உட்கார்ந்து மொபைலைப் பார்த்துண்டே கையை மட்டும் நீட்டறார்மா, என்ன வேணும்னு வாயைத் திறக்கறதில்லை, நாமதான் கண்டுபிடிக்கணும், இப்பல்லாம் ஹர்ஷினியே உப்பை எடுத்துண்டு ஓடறா" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் நானும் இப்படித்தான் என் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

மன்னார்குடியில் உன் அப்பா டாக்டர் பார்த்தசாரதி என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள், உனக்குத் தெரியும். மயக்க மருந்து கொடுக்கும்வரை நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே, நான் இருக்கேன் என்பாராம். வாழைத்தார் கொண்டுவந்து வாசலில் வைத்தவர்கள் எல்லாம் அந்தக் கையைப் பற்றித்தான் சொல்வார்கள். எனக்குத் தஞ்சாவூரில் பித்தப்பையை எடுத்தபோது அந்தக் கை வரவில்லை. அது சின்ன கேஸ், நான் எதுக்கு என்றார். வீட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நீட்டிய கைதான். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் கத்தரியை வைப்பதுபோல, அவர் நிமிர்ந்து பார்க்காமல் நீட்டினால், மோரா, துண்டா, மூக்குக்கண்ணாடியா என்று நான் அறிந்து வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் திட்ட மாட்டார், அடிக்க மாட்டார், உள்ளங்கையை அப்படியே கவிழ்த்துவிட்டு மறுபடி நீட்டுவார். என் கால் தழும்பு எப்படி வந்தது என்று சின்ன வயதில் கேட்பாயே, அது கொதிக்கக் கொதிக்க அவர் கவிழ்த்த ரசக் கிண்ணம். அவர் கேட்டது தண்ணீராம்.

ஊர்ச் சங்கத்தில் அவருக்குச் சிறந்த குடும்பத் தலைவர் என்று கேடயம் கொடுத்தார்களே, அன்றைக்கு மேடையில் நன்றி சொல்லக் காகிதத்தைப் பிரித்தவர் என் பக்கம் கையை நீட்டினார். கண்ணாடியை வைத்தேன். கைதட்டல் நிற்கவே இல்லை. சொல்லாமலே தெரிஞ்சுக்கறா பாருங்கோ, இதுதான் தாம்பத்தியம் என்று மைக்கில் சொன்னார் செயலாளர். நீயும் முதல் வரிசையில் உட்கார்ந்து தட்டினாய்.

இப்போது இடது கையை நீட்டுகிறார். நான் வைக்கிறேன். மருந்திலும் சாப்பாட்டிலும் ஒரு வேளை பிசகு கிடையாது, அதில் என் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கை நீண்டால் குக்கர் வெயிட்டை வைப்பேன், டிவி ரிமோட்டை வைப்பேன், ஒரு நாள் முள்ளங்கி. ஆரம்பத்தில் வழக்கம்போலக் கவிழ்த்தார். விழுந்தது விழுந்தபடி கிடக்கட்டும் என்று நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். இப்போது கவிழ்ப்பதில்லை. கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கெட்டவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள், எனக்கு அதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மாலதி பொறுக்கமாட்டாமல் பெங்காலியில், மாஷிமா, உனி ஆப்னார் ஹாத்டாய் சாய்ச்சேன் என்றாள். அவர் பொருள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் கையைத்தான் கேட்கிறார் என்று அர்த்தம். அவள் வந்து நாலு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாளாம். எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லாமலே தெரிந்துகொள்கிறவள் அல்லவா நான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்டியை எடுத்து அவர் கையில் வைத்து, விரலையும் மடக்கிவிட்டு வந்தேன். அப்பா அழுதார். நான் பாலை அடுப்பில் வைத்திருந்தேன், போய்விட்டேன்.

கண்ணா, வைஷாலியும் ரொம்பக் கெட்டிக்காரி, சீக்கிரம் கற்றுக்கொள்வாள். இப்போது சிரிக்கிறாள், சிரிப்பு நின்றுவிட்டால் உனக்குத் தெரியவும் தெரியாது, எனக்கு நின்றது உன் அப்பாவுக்குத் தெரிந்ததா? உப்பு வேண்டுமென்றால் உப்பு என்று சொல், வைஷாலி என்று பெயர் சொல்லிக் கேள், இல்லையென்றால் எழுந்து போய் எடுத்துக்கொள். ஹர்ஷினியை ஓட விடாதே. நீயும் ஒரு நாள் விழுவாய், அன்றைக்கு வைஷாலி கையில் என்ன இருக்கும் என்பது இப்போதே தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது.

மூவரும் தீர்க்காயுசோடு, மன ஒற்றுமையோடு இருக்க என் ஆசீர்வாதம். பொடியை ஃப்ரிட்ஜில் வை, ஈரக் கரண்டி போடாதே. இதைப் பற்றிச் சாதனாவிடம் மூச்சு விடாதே, அவள் அப்பா செல்லம். அடுத்த வாரம் வீடியோவில் வரும்போது அப்பா எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால், அது என்னவென்று கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
வத்சலா